வயிற்றில் வளரும் கோழைக் கட்டி

தஞ்சைச் சீமையில் நடவு தொடங்கிவிட்டால் பெண்களுக்கு ஓய்வே கிடையாது. காலை முதல் சேற்றில் குனிந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும் ஒருத்திக்கு வயிறு பெருக்கிறது. குனிந்தால் மூச்சு முட்டுகிறது.

"என்னடி, மறுபடியும் முழுகாமல் இருக்கிறாயா?" என்று கூட நடுகிறவர்கள் கேலி செய்கிறார்கள். "வாயுதான்" என்கிறார் மாமியார். ஓமம், பெருங்காயம், கஷாயம் எல்லாம் ஆகிறது. வலி இல்லை. அதனால், "அறுவடை முடியட்டும், பார்க்கலாம்" என்று அவள் இருந்துவிடுகிறாள்.

அந்த நாலு மாதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

என்ன கட்டி?

கருப்பையின் இரு பக்கமும் சினைப்பைகள் உண்டு. வாதுமைக் கொட்டை அளவுதான் இருக்கும். சிலருக்கு அதில் பை போல ஒரு கட்டி முளைக்கும். பையின் உட்சுவர் கோழையைச் சுரக்கும். கோழை வெளியே போக வழி இல்லை. பை ஊதிக்கொண்டே போகும். பூசணிக்காய் அளவுக்கும் வளர்வது உண்டு.

பயப்பட வேண்டாம். இந்தக் கோழைக் கட்டிகளில் 100-க்கு சுமார் 80 சாதுவானவை. சில இரண்டுங்கெட்டான். மீதி கொஞ்சம்தான் புற்றுநோய்.

புற்றாகவே இருந்தாலும் இது பெரும்பாலும் மெதுவாக வளரும். வெகு நாள் ஒரு பக்கத்துச் சினைப்பைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அந்த நிலையில் அறுத்து எடுத்துவிட்டால், 100 பேரில் சுமார் 90 பேர் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். புற்றுநோயில் இது பெரிய பாக்கியம்!

பை கிழிந்து வயிறெங்கும் பரவிவிட்டால் கதை வேறு. மற்ற சினைப்பைப் புற்றுகளை அடக்கும் மருந்து இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. பலர் ஓரிரு ஆண்டு தாண்டுவதே கஷ்டம்.

"ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிடுங்கள்" என்று உறவினர் கேட்பார்கள். டாக்டர் மறுப்பார். காரணம் இதுதான். குத்தினால் கோழை ஒழுகும். அதோடு புற்றும் சிதறும். பையை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும்.

குடல், இரைப்பை, குடல்வால் இவற்றில் பிறந்த புற்றும் சினைப்பைக்கு வந்து இதே வேஷம் போடும். ஆகவே டாக்டர் அவற்றையும் சோதிப்பார். "வயிற்றுக் கட்டிக்குக் குடலில் ஏன் குழாய் விடுகிறார்கள்?" என்று கோபிக்கக் கூடாது.

குதிரையில் போனாள்!

1809-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஜேன் கிராபோர்டு என்ற பெண்ணின் வயிறு பெருத்தது. இரட்டைப் பிள்ளை என்றார்கள். பிரசவ நாள் தாண்டியும் குழந்தை பிறக்கவில்லை. மெக்டவல் என்ற டாக்டர் பார்த்து, கட்டி என்றார். அவள் 60 மைல் குதிரையில் ஏறி அவர் வீட்டுக்குப் போனாள். மயக்க மருந்து இல்லாத காலம்! 25 நிமிடத்தில் சினைப்பைக் கட்டியை எடுத்தார். எடை சுமார் 10 கிலோ. பெரும்பகுதி கொழகொழத்த பொருள். அந்தப் பெண் அதற்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தாள்.

இன்று தஞ்சைப் பெண்ணுக்குக் குதிரை வேண்டாம். ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு பஸ் போகிறது. ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரிந்துவிடும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் எழுந்தது அது. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

உழவு மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றைக்கே வைத்தியரை அழைத்து வரும் வீடுகள் இவை. வீட்டுக்காரி வயிறு ஆறு மாதமாகப் பெருப்பது மட்டும் கண்ணில் படுவதில்லை! அவளாகச் சொல்லமாட்டாள். கூலி போகுமே என்று நினைப்பாள். கணவனோ மகனோதான் கூட்டிப் போக வேண்டும்.

இளம்பெண்களுக்கு ஒரு கவலை வரும், இனிக் குழந்தை பிறக்குமா என்று. நோய் ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால், பல சமயம் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து, கருப்பையையும் மறு சினைப்பையையும் காப்பாற்றலாம்.

கட்டியை எடுத்ததும் அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். சாதுவா, புற்றா என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும். ரேஷன் கார்டோடு சேர்த்து அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். மறுபடி வரச் சொன்ன தேதிகளுக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.