கடனாளி யார்?

சென்ற மாதம் பிலிமத்தலாவைக்குச் சென்றிருந்தேன். கொழும்பு - கண்டி வீதியோரத்தில் பித்தளை விளக்கு விற்கும் கடைகளைத் தாண்டிச் சற்று உள்ளே நடந்தால் என் பழைய நண்பரின் வீடு. தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்றுப் பட்டம் பெற்றவள். இங்கிலாந்தில் விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி பெற அவளுக்கு அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக் காணி உறுதி வங்கியில். தாயின் நகைகள் அடகில்.

அன்று அங்கு வந்திருந்த உறவினர் ஒருவர், முன்னாள் அரசாங்க உத்தியோகத்தர், பொரிந்து தள்ளினார். "இலவசக் கல்வியில் படித்துவிட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறார்கள். நன்றி கெட்ட தலைமுறை!" அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. "மாமா, தேத்தண்ணிக்குச் சீனி காணுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் சொல்லாமல் விட்ட பதிலை நான் எழுதுகிறேன்.

முதலில் இங்கிலாந்தின் கணக்கைப் பார்ப்போம். 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டில் பௌதிக ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தோர், அரசு வகுத்த இலக்கில் 17 சதவீதம் மாத்திரமே. உள்நாட்டில் ஆள் இல்லாதபோது அந்த அரசு கடல் கடந்து பார்த்தது. 2023-24இல் பௌதிகப் பயிலுநர்களுக்கு 27,000 பவுண்டு வரை உதவித்தொகை அறிவித்து, வெளிநாட்டாரையும் அதற்குத் தகுதியுடையோர் ஆக்கியது. குடிபெயரும் செலவுக்கென 10,000 பவுண்டு தரும் திட்டமொன்றையும் அதே ஆண்டில் பரீட்சித்தது. இதில் தருமம் ஏதுமில்லை. தன் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஓர் அரசு நினைத்தது. அதற்குப் பணம் ஒதுக்கியது.

ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் இலகுவாகத் திறப்பதில்லை. அந்நாட்டு மாணவர் செலுத்துவதைக் காட்டிலும் வெளிநாட்டு மாணவரின் கட்டணம் மிக அதிகம். கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான பணம் வங்கிக் கணக்கில் 28 நாட்கள் தொடர்ந்து இருப்பதாகக் காட்டினாலே விசா. உதவித்தொகை கிடைத்தாலும் அது பயிற்சி தொடங்கிய பின்னர் மாதந்தோறும் வருவது. அடகுக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். இவ்வளவையும் தாங்கி ஒரு பெண் ஆசிரியத் தொழிலுக்குத்தான் போகிறாள் என்பதை அந்த உறவினர் எண்ணிப் பார்த்தாரா? பௌதிகம் படித்தவளுக்கு வங்கியும் கணினி நிறுவனமும் கதவு திறந்தே வைத்திருக்கின்றன. அவள் வகுப்பறையைத் தேர்ந்தாள்.

சரி, இங்கே வகுப்பறை கிடைக்காதா? நம் அரசின் கணக்கையும் பார்ப்போம். 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் அரச சேவைக்குள் எடுக்கப்பட்டார்கள். யார் எந்தப் பாடம் கற்றார், எந்தப் பாடசாலையில் எந்த ஆசிரியர் இல்லை என்ற பொருத்தம் பார்க்கப்படவில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிப் பெயருடன் பாடசாலைகளில் அமர்த்தப்பட்டவர்கள், தம்மை ஆசிரியர் சேவையில் உள்ளீர்க்குமாறு வீதியில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று. நிரந்தர நியமனம் பெறும் பட்டதாரிக்கும் பெரும்பாலும் முதலில் வகுப்பு, பின்னரே பட்டப்பின் கல்வி டிப்ளோமா. நீந்தக் கற்பிக்கு முன் ஆற்றில் இறக்கிவிடுகிறோம். இங்கிலாந்திலோ ஓராண்டுப் பயிற்சியின் பெரும்பகுதி, அனுபவமிக்க ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் பாடசாலையிலேயே கழிகிறது. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வந்தது 2022. நாடு வங்குரோத்தானது. அரச ஊழியர்கள் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று அவ்வாண்டு ஜூனில் அரசாங்கமே சுற்றறிக்கை வெளியிட்டது. டொலர் அனுப்பினால் தேசபக்தர், பயிற்சிக்குச் சென்றால் நன்றி கெட்டவரா?

அந்த இலவசக் கல்விக் கடனையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட நாள் முதல் இந்நாட்டின் அந்நியச் செலாவணியை முதுகில் சுமந்த சமூகம் அவளுடையது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அவர்களது பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களிலும் 80களிலுமே. இந்த ஏட்டில் கடனாளி யார்?

இன்றும் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் சிலவே. ஆசிரியர் இல்லாமையால் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். பத்தனையில் ஜேர்மனியின் உதவியோடு உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அரிய பணி செய்தது. ஆனால் அது டிப்ளோமா ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம். உயர்தர வகுப்புக்கு மின்காந்தவியல் கற்பிக்கும் பட்டதாரியை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

"இங்கே தமிழில் தரமான பயிற்சி எப்படிச் சாத்தியம்?" என்று கேட்போருக்கு இரண்டு பழைய செய்திகள். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். மற்றையது நண்பரின் ஊரிலேயே இருக்கிறது. பிலிமத்தலாவை இறையியற் கல்லூரி 1963இல் தொடங்கப்பட்டது. கிராமத்தில் போதிக்கப் போகிறவர் கிராமத்தின் மொழியிலேயே பயில வேண்டும் என்று கருதிய திருச்சபைகள் பல ஒன்றுகூடி, சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கும் கல்லூரியை அமைத்தன. மதபோதகருக்குச் சாத்தியமானது விஞ்ஞான ஆசிரியருக்கு ஏன் சாத்தியமாகவில்லை? திருச்சபைகளிடம் இருந்தது பணமா, மனமா?

நான் கேட்பது பெரிய காரியமன்று. மலையகத்தில் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு வெற்றிடம் என்று பட்டியலிட்டு, அந்தப் பாடத்துக்கே பட்டதாரிகளைத் தெரிவு செய்யுங்கள். வகுப்பில் விடுமுன் ஓராண்டு பயிற்சி கொடுங்கள். ஆண்டுதோறும் சிலரை அரச செலவில் வெளிநாட்டுக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்ற ஒப்பந்தம் எழுதுங்கள். வரும்போது அமர நாற்காலியையும் தயாராக வையுங்கள். அங்கு பெற்ற தகைமையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும் என்றால் யார் வருவார்?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். ஊர்ப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் கட்டிக் கொடுத்துப் பெயர்ப்பலகை பதிக்கிறீர்கள். நன்றி. பௌதிக ஆசிரியர் இல்லாத ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் தூசு படிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை கட்டடத்துக்குப் பதில் ஓர் ஆசிரியரின் பயிற்சிச் செலவை ஏற்றுப் பாருங்கள்.

புறப்படுகையில் நண்பர் தெருமுனை வரை வந்தார். "படித்த தோட்டத்துப் பாடசாலையில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் படிப்பித்தாள். நிரந்தர நியமனம் வரும் என்று சொன்னார்கள்" என்றார்.

வரவில்லை. இப்போது அவள் போகிறாள். நன்றாகப் பயின்று வரட்டும். திரும்புகிறவளுக்கு இங்கே ஒரு வகுப்பறை இருக்குமா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாம் சொல்ல வேண்டும்.