அறுவடை நிலவு யாருக்கு ஒளி?

சித்திரத்தில் ஒளியையும் உணர்ச்சியையும் மட்டுமே காணவேண்டும். அதிலுள்ளோரின் உழைப்பைப் பற்றிக் கேட்பவன் ரசனையற்றவன் என உபதேசிக்கும் ரசிக சிகாமணிகள் உளர். அவர்களை நாம் கேட்கிறோம்: அந்த ஒளி எதற்குப் பயன்பட்டது என்றேனும் அறிவீரோ?

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஹெமிங் மேசன் தீட்டிய ‘அறுவடை நிலவு’ 1872-ல் லண்டன் ராயல் அக்காடமியில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. அந்தி மங்குகிறது, முழுநிலா எழுகிறது, நெடுங்காம்பு அரிவாள்களுடன் அறுவடையாளர் செல்கின்றனர். காண்போர் “என்னே சாந்தி!” என்று உருகுகின்றனர்.

அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நிலவின் தொழிலைக் கேளுங்கள். நிலா நாள்தோறும் சராசரியாக 50 நிமிஷம் பிந்தி எழுவது வழக்கம். இரவும் பகலும் ஒத்த செப்டம்பர் நாளை ஒட்டிய முழுநிலாவின்போதோ, இங்கிலாந்தில் அவ்விடைவெளி ஏறக்குறையப் பாதியாகக் குறுகும். சில நாட்கள் தொடர்ந்து, கதிரவன் சாய்ந்ததும் நிலவு வந்துவிடும். பொழுது போன பின்னும் கதிரறுக்க உதவியதாலன்றோ அதற்கு அப்பெயர்! சித்திரத்தில் ஓய்வின் விளக்காக மிளிர்வது, வயலில் வேலைநேரத்தை நீட்டிய விளக்கேயாம்.

அதே 1872 பிப்ரவரியில், வார்விக்ஷயரைச் சேர்ந்த வெல்ஸ்போர்ன் கிராமத்தில், கம்புகளில் தொங்கிய லாந்தர்களின் வெளிச்சத்தில், மரத்தடியே கூடிய கூலியாட்கள் ஜோசப் ஆர்ச்சின் பேச்சைக் கேட்டனர். அவ்வாண்டே அவர் தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தம் இரவு எதற்கு உரியதென அவர்களே பேசத் துணிந்த வெளிச்சம் அது.

ரசிகர்களே, நிலவைப் போற்றுங்கள், தடை சொல்லோம். அதன் கீழே நடப்பவர் எத்தனை நாழிகை உழைத்தார் என்றும் கேளுங்கள். அக்கேள்வியால் சித்திரத்தின் வர்ணம் கரைந்துவிடாது.