காசு கொடுத்துச் சொன்ன சாட்சியம்

சென்ற மாரியில் ஒஸ்லோவில் ஒரு சிறு கூட்டம். இங்கு வளர்ந்த தமிழ்ப்பிள்ளை ஒருத்தி தனது முதுகலை ஆய்வைப் பற்றிப் பேசினாள். புலம்பெயர்ந்த எம்மவரிடையே சாதி என்பது பொருள். கொழும்பு ஞாயிறு பத்திரிகைகளில் வந்த 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' விளம்பரங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, அவற்றையே ஆதாரமாகக் காட்டினாள். பேசி முடிக்கவில்லை, முன்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார். "பிள்ளை, விளம்பரத்தை வைச்சு ஆராய்ச்சியோ? காசு குடுத்தால் பேப்பர்காரன் எதையும் போடுவான்." கைதட்டல் விழுந்தது. பிள்ளை தலையைக் குனிந்தாள். கடைசி வரிசையில், வேலை உடுப்போடு வந்திருந்த நாமும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகவே இதை எழுதுகிறோம்.

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. விளம்பரம் பொய் சொல்லும் என்பது எமக்குத் தெரியாததல்ல. பல்கலைக்கழகப் படிப்பை 2008 இல் இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு ஓடி வந்து, றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவர்கள் நாம். வாசலில் நிற்கும் கரும்பலகையில் 'வீட்டுச் சமையல்' என்று நோர்வேஜிய மொழியில் சோக்கால் எழுதுவது எமது கைதான். குழம்புக்கான கூட்டு வாளியில் வருகிறது என்பதும் எமக்குத் தெரியும். அந்தப் பலகையைக் காட்டி, ஒஸ்லோவில் எமது வீட்டுச் சமையல் அப்படியே வாழ்கிறது என்று யாராவது ஆய்வில் எழுதினால் அவர் ஏமாந்தவர். ஆனால், ஒஸ்லோவாசி எதைக் கேட்டால் கதவைத் திறந்து உள்ளே வருவான் என்று முதலாளி நம்புகிறார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. விளம்பரம் பொருளைப் பற்றிப் பொய் சொல்லலாம். காசு கொடுத்தவனின் ஆசையைப் பற்றி அது பொய் சொல்வதில்லை.

கல்யாண விளம்பரத்துக்கு வருவோம். மாப்பிள்ளை 'நற்குணமுள்ளவர்' என்பதை எவரும் ஆதாரமாகக் கொள்ளப் போவதில்லை. அதே விளம்பரத்தில் 'யாழ் இந்து வேளாளர்' என்று வரும் சொற்கள் வேறு வகையானவை. அவை ஒரு குடும்பம் தன் வாயால், தன் காசால், தனக்கு என்ன வேண்டும் என்று ஊரறியச் சொன்ன சொற்கள். வெளிநாட்டு வதிவிட உரிமையும் சாதியும் ஒரே வரியில் வந்து நிற்கும்போது, அகதி என்று வந்து இறங்கியவன் எதை விட்டு வந்தான், எதைக் காவி வந்தான் என்பது தெரிந்துவிடுகிறது. 'சாதி தடையில்லை' என்ற பெருந்தன்மைகூட, தடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. போரோடு சாதி போய்விட்டது என்று மேடையில் சொல்கிறோம். அதை மறுப்பவர் எந்த வெள்ளைக்கார ஆய்வாளரும் அல்ல. எமது கையெழுத்தே மறுக்கிறது.

விளம்பரத்தைச் சாட்சிக்கு இழுப்பது இந்தப் பிள்ளை கண்டுபிடித்த குறுக்குவழியுமல்ல. 1839 இல் அமெரிக்காவில் தியோடர் வெல்ட், மனைவி அஞ்சலினா கிரிம்கே, அவரது சகோதரி சாரா கிரிம்கே ஆகியோரின் உழைப்போடு அடிமைமுறைக்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டார். தென்மாநிலப் பத்திரிகைகளைச் சேர்த்து, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத்தரக் கேட்டு எசமானர் கொடுத்த விளம்பரங்களை வெட்டியெடுத்தார்கள். ஆளை அடையாளம் காண்பதற்காக எசமானரே சவுக்குத் தழும்பையும், சூடுபோட்ட குறியையும், வெட்டுப்பட்ட காதையும் எழுதியிருந்தனர். அடிமைகளை அன்பாக நடத்துகிறோம் என்று வெளியே சொன்னவர்களுக்கு எதிராக, அவர்கள் காசு கொடுத்து அச்சிட்ட வரிகளே சாட்சி சொல்லின. தங்களுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்ல எவரும் காசு கொடுப்பதில்லை.

இன்னொன்று. 1981 இல் எடுத்த குடிசனத் தொகை மதிப்புக்குப் பிறகு வடக்கு முழுவதையும் எண்ணி முடித்தது 2012 இல்தான். 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001 இல் நடந்தது வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் முற்றுப்பெறவில்லை. சனம் சிதறிய அந்த முப்பது வருடங்களை எழுதி வைத்தது யார்? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்டவர், பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் என்று போகும் மரண அறிவித்தல்களும் எழுதி வைத்தன. அவையும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்களே. எம்மை எண்ணாத அரசின் ஏடுகளைவிட அவை எமது சிதறலை ஊர் ஊராகக் காட்டும். மரண அறிவித்தலை வெட்டிப் பத்திரப்படுத்தும் பெரியவர்களுக்குக் கல்யாண விளம்பரம் மட்டும் குப்பையாகத் தெரிவது ஏன்? ஒன்று எமது துயரைச் சொல்கிறது, மற்றது எமது அழுக்கை. வேறுபாடு அவ்வளவுதான்.

பிள்ளைக்கும் ஒரு சொல். ஒரு விளம்பரத்தைக் கொண்டு ஒரு சமூகத்தை எடைபோடாதே. பல வருடங்களை எண்ணு, எந்தச் சொல் எப்போது மறைந்தது என்று பார். 'தகுந்த குடும்பம்' என்ற சொல் சாதிப்பெயர் இருந்த இடத்தில் வந்து குந்தியிருக்கிறதா என்றும் பார். விளம்பரம் கொடுக்க வசதியில்லாதவர்களும், தரகரை வைத்துக் காதோடு காதாகப் பேசி முடிப்பவர்களும் உன் கணக்கில் இல்லை என்பதை மறக்காதே. பத்திரிகையின் பெயரையும் திகதியையும் பக்கத்தையும் எழுது. விளம்பரச் சொல்லை இனிப்பாக்கி மொழிபெயர்க்காதே. தொலைபேசி எண்ணை மட்டும் நீக்கிவிடு. நீ விசாரிப்பது ஒரு வழக்கத்தை, ஒரு வீட்டையல்ல.

நோர்வேயின் 1989 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கு பொதுமக்களுக்கென அச்சாகும் ஏடுகளின் பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். எமது ஏடுகளுக்கும் அதே சட்டம்தான். கட்டுரையோடும் கவிதையோடும் விளம்பரமும் போய்ச் சேரும். நாம் போன பிறகு எமது பேரப்பிள்ளைகள் அதைத் திறப்பார்கள். கூட்டத்தில் விழுந்த கைதட்டல் அங்கே இராது. ஆகவே பெரியவர்களே, விளம்பரம் ஆதாரமாகக் கூடாது என்றால் வழி ஒன்றுதான் உண்டு. அப்படியொரு விளம்பரத்தைக் கொடுக்காதீர்கள்.