தீயை அணையவிடாதவர்கள்

"அந்தமான் பழங்குடியினருக்குத் தீ மூட்டத் தெரியாது." போட்டித் தேர்வுக் கையேடுகளில் இந்த வாக்கியம் உண்டு. 2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவில் ஓர் அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்ட பின் பெருகிய காணொளிகளிலும் இது வந்தது. மானிடவியலும் மொழியியலும் கற்பிக்கும் வகுப்பறைகளில்கூட ஒரு வேடிக்கைத் தகவலாக இது சொல்லப்படுகிறது. மாணவர்கள் புன்னகையோடு குறித்துக்கொள்கின்றனர். வாக்கியம் பொய்யா மெய்யா என்பதைவிட, அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்பதே இங்கே ஆராயத்தக்கது.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம். டொராண்டோவில் வண்டி வைத்திருப்பவர், பனி தொடங்குமுன் பெட்ரோல் டாங்கை விளிம்புவரை நிரப்புகிறார். உள்ளே காற்றுக்கு இடமிருந்தால் ஈரம் படிந்து துரு ஏறும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அவ்வப்போது சிறிதளவு மின்னேற்றுகிறார். டயர் ஒரே இடத்தில் அழுந்தாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார். அதே வீட்டில் விறகு அடுப்பு இருந்தால், உறங்கப்போகுமுன் கங்குகளை ஒருபுறம் கூட்டிச் சாம்பலால் மூடுவார். காற்று புகும் வழியை ஒடுக்குவார். விடியலில் கிளறி ஒரு சுள்ளியைப் போட்டால் தீ மீண்டும் எழும். இவரை எவரும் அறியாதவர் என்று சொல்வதில்லை. அவரால் ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்ய முடியாது. பெட்ரோலைச் சுத்திகரிக்கவும் இயலாது. பிறர் செய்ததைக் கெடாமல் காப்பதே அவருடைய திறன், அதற்காகவே அவர் கருத்துள்ளவர் எனப்படுகிறார்.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) பனிக்காலம் இல்லை. அதன் இடத்தில் மழை இருக்கிறது. மே மாத நடுவில், இந்தியாவிலேயே முதலாவதாகத் தென்மேற்குப் பருவக்காற்று இத்தீவுகளைத் தொடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்கின் முறை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, மழை விட்டாலும் காற்றில் உப்பும் ஈரமும் விடுவதில்லை. மாதக்கணக்கில் சென்னைக்கோ மதுரைக்கோ செல்லும் குடியேறிய குடும்பத்தவர் வண்டியைச் சும்மா விட்டுச் செல்ல முடியாது. பேட்டரி இணைப்பை அவிழ்த்து, சைலன்சர் வாயில் துணியடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்த வேண்டும். இதுவும் கருத்துள்ள செயல் எனப்படுகிறது.

இதே மழையில், இதே ஈரத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தீயைக் காத்தவர்களைப் பற்றிய பதிவுக்கு இப்போது வருவோம்.

ஈ. எச். மேன் 1883இல் வெளியிட்ட ஆய்வுரையில், இம்மக்களுக்குத் தீயை உண்டாக்கும் முறை தெரியாது என்றும், பாரன் தீவு போன்ற எரிமலையிலிருந்து அவர்கள் தீயைப் பெற்றிருக்கக்கூடும் என்றும் எழுதினார். 1906–08இல் களத்தில் இருந்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் அச்சான தம் நூலில் அதையே உறுதிப்படுத்தினார். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. குடியிருப்பில் தீ கவனமாக அணையாமல் காக்கப்படுவதையும், வேட்டைக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் தன் தீயைத் தன்னோடு எடுத்துச் செல்வதையும், சுடர்விட்டு எரியாமலும் அணைந்துபோகாமலும் நெடுநேரம் புகைந்து நிற்கும் விறகைத் தேர்வதில் அவர்கள் மிகத் தேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார். அவர் சென்ற காலத்தில் குடியேற்றத்திலிருந்து தீப்பெட்டி கிடைத்துவந்தது. மூங்கில் பிளவுகளைத் தேய்த்துத் தீ எடுக்கும் முறையைச் சிலர் பர்மியரிடமோ நிக்கோபாரியரிடமோ கற்றிருந்தனர். தேவை வந்தபோது கற்க முடிந்தவர்கள், அதுவரை கல்லாதிருந்தது ஏன் என்ற கேள்வியை அந்தப் பத்தியே எழுப்புகிறது. அடுத்து வந்தவர்கள் அதன் ஒரு பாதியை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டனர்.

வெட்டப்பட்ட விதம் மொழியியலார் கவனிக்க வேண்டியது. "மூட்டுவதைப் பார்க்கவில்லை" என்பது காண்பவரைப் பற்றிய வாக்கியம். "மூட்டுவதில்லை" என்பது வழக்கத்தைப் பற்றியது. "மூட்டத் தெரியாது" என்பது அறிவைப் பற்றியது. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஆயினும் மேற்கோளுக்கு மேற்கோள் முதலாவது இரண்டாவதாகவும், இரண்டாவது மூன்றாவதாகவும் வழுக்கிச் செல்கிறது. இறுதியில் "அறியா மக்கள்" என்ற பெயரடை மட்டும் எஞ்சுகிறது. மேன் எழுதிய காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்: 1858இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டுக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது, 1877இன் மணல்வாரி அம்மை பெரிய அந்தமானியரைச் சூறையாடியிருந்தது. எஞ்சியவர்களிடம் காணாததை, என்றுமே இல்லாதது என்று எழுதுவதற்குச் சற்றுத் தயக்கம் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

டாஸ்மேனியப் பழங்குடியினர் பற்றியும் இதே வாக்கியம் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அங்கே பெத் காட் 2002இலும் ரெபே டெய்லர் 2008இலும் மூலச் சான்றுகளைத் திரும்பப் படித்து, அந்த முடிவு எவ்வளவு மெலிந்த பதிவுகளின்மேல் நிற்கிறது என்று காட்டினர். அந்தமானில் அப்படிப் படித்தாலும் மேனும் ராட்கிளிஃப்-பிரவுனும் சொன்னதே சரி என்று முடியலாம். முடியட்டும். அப்போதும் வாதம் மாறாது. மரக்கட்டையும் மூங்கிலும் எப்போதும் நனைந்திருக்கும் காட்டில் உரசித் தீ எடுப்பதைவிட, எடுத்த தீயை விடாமல் காப்பது அறிவுடைமை.

தீயைக் காப்பது வேறு கைகளில் இருந்தால் என்ன பெயர் பெறுகிறது? உத்வாடாவில் பார்சிகளின் ஈரான்ஷா நெருப்பு 1742 முதல் அவ்வூரில் அணையாது காக்கப்படுகிறது, அது புனிதம். முத்தீ ஓம்பும் அந்தணர் நம் பழம்பாடல்களில் உயர்ந்தோர். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏட்சி என்ற மனிதரிடம், மேப்பிள் இலையில் பொதிந்து கங்கை எடுத்துச் செல்வதற்கான மரப்பட்டைக் கலம் இருந்தது. அருங்காட்சியகம் அதைத் தொழில்நுட்பமாகக் காட்டுகிறது. (அவரிடம் தீ எடுக்கும் பொருள்களும் இருந்தன என்பது உண்மைதான், ஆனால் கலத்தைப் பாராட்ட அவற்றை எவரும் நிபந்தனையாக்கவில்லை.) வடலூருக்கே வரலாம். 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை விறகிட்டுக் காக்கப்படுகிறது. அணையா அடுப்பு என்று தமிழர் அதை வணங்குகின்றனர். வடலூரார் மீண்டும் மூட்டத் தெரியாமல்தான் அதைக் காக்கிறார்கள் என்று ஒரு மானிடவியலாளர் எழுதினால் என்ன நேரும்?

தமிழர் தம் சொந்த வீட்டையும் எண்ணிப் பார்க்கலாம். ஞெலிகோல் என்ற சொல் சங்கப் பாடல்களில் இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்த தமிழர் இன்று எத்தனை பேர்? தீப்பெட்டி பரவும்வரை, பரவிய பின்னும், ஊரில் அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் வறட்டித் துண்டில் கங்கு வாங்கி வருவதே வழக்கம். "நீறு பூத்த நெருப்பு" என்ற தொடர் அந்தச் சமையற்கட்டிலிருந்து வந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்ற ஆண்டும், ராட்கிளிஃப்-பிரவுனின் நூல் வந்த அதே 1922தான். அதற்கு முன் தீக்குச்சி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. தமிழர்க்குத் தீ மூட்டத் தெரியாது என்று எவரும் அப்போது நூல் எழுதவில்லை. பின்னர் விம்கோ நிறுவனம் போர்ட் பிளேரில் ஆலை நடத்தி, அந்தமான் காட்டு மரத்தைத் தீக்குச்சியாக்கியது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

வாக்கியத்துக்கு விலை உண்டு. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென் ஆகிய ஐந்து குழுக்களும் 2006 வரை அரசின் ஏட்டில் "தொன்மைப் பழங்குடி" என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தன; பெயர் மாறியது, பார்வை அவ்வளவாக மாறவில்லை. அறியாதவர் என்று ஒருவரைப் பற்றி முதலில் முடிவுகட்டிவிட்டால், அவர் நிலத்தைப் பற்றி அவரைக் கேட்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

மற்றொரு விலை ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. 1901 கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த கிரேட் அந்தமானியர் 1961இல் 19 பேர். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் மறைந்தார். அன்விதா அப்பி கேட்டதால் பறவைகளின் பெயர்கள் 2011இல் தனி நூலாயின; 2012இல் அகராதியும் வந்தது. எந்த மரம் சுடரின்றிப் புகையும், தோணியில் போகும்போது எது, அடைமழையில் எது, கொள்ளியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது, அதை ஒப்படைப்பதற்கு வினைச்சொல் என்ன? "இவர்களுக்குத் தீ மூட்டத் தெரியாது" என்று படித்துவிட்டுத் தீவுக்குப் போகும் ஆய்வாளரின் வினாநிரலில் இக்கேள்விகள் ஏறுவதே இல்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: எப்படி மூட்டுவீர்கள்? பதில் கிடைக்காதபோது குறிப்பேட்டை மூடிவிடுவார்.

மீன்கொத்திப் பறவை பிலிக்குவிடமிருந்து தீயைத் திருடியது என்று கிரேட் அந்தமானியர் கதை சொன்னார்கள். புரோமித்தியஸ் திருடினான் என்று கிரேக்கர் சொன்னதிலிருந்து கிரேக்கருக்குத் தீ மூட்டத் தெரியாது என்ற முடிவுக்கு எவரும் வந்ததில்லை. மீன்கொத்திக் கதையை மட்டும் அந்த முடிவுக்குச் சான்றாக வகுப்பில் நிறுத்துகிறோம்.

வரும் பருவத்தில் பாடக்குறிப்பு தயாரிப்பவர்கள் அந்த ஒற்றை வரியை நீக்க வேண்டியதில்லை. ராட்கிளிஃப்-பிரவுனின் பத்தியை முழுதாகத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் போதும். விறகைத் தேர்ந்தவர்கள் என்ற பகுதியும் அதிலேயே இருக்கிறது.