பகுதி நேரச் சிப்பந்தியிடம் குறை கூறும் முறை

நமது நெசவாளர் சங்கங்களின் விற்பனைக் கூடங்களிலும் விவசாயச் சங்கங்களின் உரக் கிடங்குகளிலும் பகுதி நேரச் சிப்பந்தி இல்லாத இடம் இன்று அரிது. மாலை நான்கு மணிக்கு வந்து எட்டு மணிக்குச் செல்பவர், சந்தை நாளில் மட்டும் வருபவர், தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர் எனப் பலவகையாக அவர்கள் இருக்கிறார்கள். முழு நேரச் சம்பளம் கொடுக்கச் சங்கத்தின் வருவாய் இடந்தராமையால் உண்டான ஏற்பாடு இது. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், அவர்களுடைய வேலையில் குறை காணும்போது அதனை யார் சொல்வது, எப்பொழுது சொல்வது, எவ்விதம் சொல்வது என்பதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்ட சங்கத்தை நான் இதுவரை ஆய்வு செய்த இடங்களில் கண்டதில்லை.

இது அற்ப விஷயம் என்று அங்கத்தினர்கள் கருதக்கூடும். அலமாரியில் ஒரு சேலை விற்காமல் கிடந்தால் அதற்குப் போட்ட நூலின் விலையும், சாயத்தின் விலையும், கொடுத்த கூலியும் அதனுள்ளேயே மடங்கிக் கிடக்கின்றன. அப்படி நூறு சேலைகள் கிடந்தால் அடுத்த பாவுக்கு நூல் வாங்கச் சங்கத்தில் பணம் இராது. தறி நிற்கும். தறியில் இருப்பவரோ தம் கை ஓடாமைக்குக் காரணம் அரசாங்கம் என்றும் விசைத்தறி என்றும் நினைத்துக்கொண்டிருப்பார். பெருங்காரணங்கள் அவையே என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும் சேலையை வாங்க வந்தவர் வாங்காமல் திரும்பிய அந்தக் கால் மணி நேரத்தையும் நாம் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இப்பொழுது குறை சொல்லப்படும் விதம் இரண்டே வகை. ஒன்று, சொல்லாமலே இருந்துவிடுவது. விற்பனைக்கு நிற்கும் பெண் ஓர் அங்கத்தினரின் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். சொன்னால் உறவு கெடும், தேர்தல் வந்தால் வாக்குக் கெடும் என்று காரியதரிசி வாயை மூடிக்கொள்வார். மற்றொன்று, சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டுவது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விற்பனைக் குறைவு பற்றிப் பேச்சு எழுந்ததும், ஆறு மாதமாக யாரும் சொல்லாத குறைகளெல்லாம் ஒரே மூச்சில் வெளிவரும். நடவடிக்கைப் புத்தகத்தில் 'வேலை திருப்திகரமாக இல்லை' என்று ஒரு வரி எழுதப்படும். எது திருப்திகரமாக இல்லை என்று அந்த வரி சொல்லாது. சம்பந்தப்பட்டவரோ அக்கூட்டத்தில் இருந்திருக்கவே மாட்டார்.

ஒரு சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே பருத்திச் சேலைகள் பதினொன்றைப் பழுதுச் சரக்கென்று ஒதுக்கி, தாளில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். நெய்தவர்களுக்குக் கூலியைப் பிடித்துக்கொள்ளலாமா என்ற யோசனைகூட நடந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். இழை அறுந்திருக்கவில்லை, சாயம் கலங்கவில்லை, அளவும் குறையவில்லை. கரையோரத்தில் ஊசி முனையளவு சிறு துளைகள் வரிசையாக இருந்தன, அவ்வளவே. தறியில் துணி சுருங்காமல் அகலமாக இழுத்து நிறுத்துவதற்காக வைக்கும் கோலின் முள் பதிந்த தடம் அது. நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கைத்தறித் துணிதானா என்று பார்க்க விரும்புகிறவர்கள் தேடும் அடையாளங்களுள் ஒன்றும் அதுவே.

மாலை நேரத்துக்கு நியமிக்கப்பட்ட பெண் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர், பள்ளி இறுதி வகுப்புத் தேறியவர். 'கரையில் ஓட்டை இருக்கிறதே' என்று வாங்க வந்த ஓர் அம்மாள் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியவில்லை. நேர்மையாக, பழுது என்று எண்ணி ஒதுக்கி வைத்தார். அடுத்த நாள் காரியதரிசி அதைக் கண்டார். தமக்குள் முனகிக்கொண்டாரே தவிர, அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலையில் அவர் வருவதற்கு முன்பே காரியதரிசி வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். இப்படியே பதினொன்று சேர்ந்தது. குழுவில் பேச்சு வந்தபோது, 'அந்தப் பெண்ணுக்குச் சரக்கே தெரியாது' என்றார் அவர். உண்மைதான். தெரியச் செய்ய வேண்டியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

பகுதி நேரச் சிப்பந்தியின் குறைகளிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். விலைப் பட்டியல் மாறுவது காலையில்; அவர் வருவது மாலையில். புதுச் சரக்கு வந்து இறங்குவதும், நெசவாளர் வந்து தம் சேலையின் நயத்தைச் சொல்லிவிட்டுப் போவதும், எந்த வாடிக்கைக்காரருக்கு எது ஒதுக்கப்பட்டது என்ற பேச்சும் அவர் இல்லாத வேளையில் நடக்கின்றன. பாதி நாள் வேலை செய்பவருக்குப் பாதிச் செய்திகூட எட்டுவதில்லை. ஆகவே அவரிடம் குறை சொல்ல உட்காருகிறவர் முதலில், 'இது இவருக்குச் சொல்லப்பட்டதா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

சொல்ல வேண்டியவர் ஒருவர் மட்டுமே. இதை நான் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தனியார் ஜவுளிக் கடையில் முதலாளி ஒருவர். நமது கடையிலோ அங்கத்தினர் எத்தனை பேரோ அத்தனை முதலாளிகள். தேநீர் குடிக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, 'என்னம்மா, என் சேலையைக் கண்ணாடியில் மாட்டாமல் எங்கோ செருகி வைத்திருக்கிறாய்?' என்று அதட்டுவார். அவர் போனதும் இன்னொருவர் வந்து நேர்மாறாகச் சொல்லுவார். வாங்க வந்தவர் இதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அங்கத்தினர்கள் சங்கத்தின் உடைமையாளர்கள், இதில் ஐயமில்லை. ஆனால் அந்த உரிமை பொதுப்பேரவையில் செலுத்துவதற்கு உரியது, கல்லாவுக்கு முன்னால் செலுத்துவதற்கு உரியதன்று. குறை கண்டால் காரியதரிசியிடமோ மேலாளரிடமோ சொல்லுங்கள். இதைப் படிப்பவர்களில் இவ்வழக்கம் உடையவர்கள் சிலராவது இருப்பார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

பகுதி நேர விற்பனையாளரைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் தங்கள் பண்டகசாலையைத் திறந்தபோது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு போன்ற சில சரக்குகளே அங்கே இருந்தன. தொடக்கத்தில் அந்தக் கடை வாரத்தில் சில மாலைகளே திறந்திருந்தது. விற்பனைக்கு நின்ற சாமுவேல் ஆஷ்வொர்த்தும், பணம் வாங்கிய வில்லியம் கூப்பரும் பிளானல் நெசவாளர்கள். கூட்டுறவுக் கடையின் முதல் விற்பனையாளரே, இன்றைய கணக்கின்படி, பகுதி நேரச் சிப்பந்திதான்.

இனி, சொல்லும் விதம். குறை நேர்ந்த அந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் சொன்னால் எந்த நாள், எந்த வாடிக்கைக்காரர் என்று இருவருக்குமே நினைவிராது; பிறகு பேச்சு, நடந்த காரியத்தை விட்டு ஆளின் குணத்துக்குத் தாவிவிடும். 'உனக்கு அக்கறை இல்லை' என்ற சொல்லால் எந்தச் சேலையும் விற்றதில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும்; அதனால் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்; பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கவும் வேண்டும். மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு அரிதாயிருக்கிறது.

மேற்கூறிய சங்கத்தில் பின்னர் புதிதாக வந்த மேலாளர், வயதில் மூத்தவர், அப்பெண்ணிடம் பேசியதை நான் அருகிலிருந்து கேட்டேன். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்த அந்த அம்மாளுக்கு நாலு சேலை காட்டினாயம்மா. ஒன்றையும் பிரித்துக் காட்டவில்லை. முந்தானையைப் பார்க்காமல் யாரும் சேலை எடுப்பார்களா? ஏன் பிரிக்கவில்லை, சொல்லு' என்றார். சற்று நேரம் பேசாமல் நின்ற பிறகு, 'பிரித்தால் திரும்ப மடிக்க ஒத்தாசைக்கு ஆள் இல்லைங்க ஐயா. நானே மடித்து மடிப்பு மாறிப்போனதற்குத்தான் ஆவணியில் பேச்சு வாங்கினேன்' என்று பதில் வந்தது. ஒரு குறையைத் தவிர்க்கச் சொல்லப்போய் அதனினும் பெரிய குறையை நாமே கற்றுக் கொடுத்திருக்கிறோம்! மேலாளர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிரித்த சேலைகளை மேசை மேல் அப்படியே வைத்துவிடும்படியும், காலையில் வரும் ஆளும் தாமுமாக மடித்துக்கொள்வதாகவும் சொன்னார். முள் தடம் எப்படி உண்டாகிறது என்பதைக் காட்ட, ஒரு நாள் அரை மணி நேரம் அங்கத்தினர் ஒருவரின் தறிக்கே அவரை அழைத்துச் சென்றார். பழுதென்று ஒதுக்கிய சேலைகளுள் ஒன்பது அடுத்த மாதத்திற்குள் விற்றன. நெய்தவர்களின் கூலியில் கைவைக்கும் யோசனையும் அத்துடன் நின்றது.

முதலில் இரண்டு புகழ்மொழி, நடுவில் குறை, முடிவில் மறுபடியும் ஒரு புகழ்மொழி என்று பேசும்படி சில பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இரண்டு முறை இப்படிப் பேசிவிட்டால், மூன்றாம் முறை புகழத் தொடங்கியதுமே கேட்பவர் 'ஆனால்' எப்பொழுது வரும் என்று காத்திருப்பார். நல்லதைக் கண்டால் கண்ட அன்றே, தனியாக, அதற்காகவே சொல்ல வேண்டும். குறையைக் குறையாகவே சொன்னால் போதும். குரல் மட்டும் தணிந்திருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும்.

ஆளின் குறை வேறு, கருவியின் குறை வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டும். விவசாயச் சங்கங்களில் மானிய உரம் 2018 முதல் விற்பனைக் கருவியில் பதிவு செய்தே விற்கப்படுகிறது. பெரும்பாலும் ஆதார் எண்ணுக்குரிய கைரேகையை வைக்க வேண்டியிருக்கிறது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் ஒரே தடவையில் பதிவதில்லை. வரிசை நீளுகிறது, பருவத்துக்கு மட்டும் வந்த இளைஞர் மேல் எல்லோரும் எரிந்து விழுகிறார்கள். அவர் செய்யக்கூடியது, விரலைத் துடைத்து வேறு விரலை வைக்கச் சொல்வது ஒன்றே. அதை அவர் செய்கிறாரா என்று பாருங்கள்; செய்யாவிடில் சொல்லுங்கள்; செய்தும் பதியாவிடில் அவரை விட்டுவிடுங்கள். நிற்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும். கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. இருக்கையே இல்லாத கூடத்தில் நின்று, இரவு ஏழரை மணிக்கு முகம் சுளிக்கிறவரிடம், முகமலர்ச்சி இல்லை என்று குறை சொல்லுமுன் ஒரு முக்காலியை வாங்கிப் போடலாம்.

நான் கூறுவன எல்லாம் வேலைத் திறமையைப் பற்றியவை. பணக் குறைவும் இருப்புக் குறைவும் இதில் சேரா. அவற்றுக்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆம் பிரிவின்படி விசாரணையும், 87-ஆம் பிரிவின்படி தண்டத் தீர்வையும் இருக்கின்றன. கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்ததைத் தனியே அழைத்து நயமாகப் பேசித் தீர்த்துவிட்டோம் என்று எந்தக் காரியதரிசியும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

சொல்லியும் திருந்தாதவர் உண்டா என்றால், உண்டு. இரண்டு மூன்று முறை, நாள் குறித்து, இன்னது என்று சொல்லி, கற்கவும் வழி செய்துகொடுத்த பிறகும் மாறாதவரைச் சங்கம் சுமந்துகொண்டிருக்க இயலாது. அந்தச் சுமை தறியின் மேல்தான் இறங்கும். அப்பொழுதும் நேரே சொல்லியே அனுப்ப வேண்டும். பகுதி நேரச் சிப்பந்தி என்றால், அடுத்த தீபாவளிக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவது என்றொரு சுலபமான வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவர் புரட்டாசி முழுவதும் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பார். வேறிடத்தில் கிடைக்கும் வேலையையும் விட்டுவிடுவார். ஏன் கூப்பிடவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. மனிதருக்கு மனிதர் செய்யக்கூடிய காரியமன்று இது.

தள்ளுபடிக் காலம் தொடங்குமுன் இவ்வாண்டேனும் ஒவ்வொரு சங்கமும், மாலைச் சிப்பந்தியை வாரத்தில் ஒரு நாள் அரை மணி முன்னதாக வரச்செய்து, காரியதரிசி அரை மணி பிந்திப் போய், இருவரும் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்துகொள்ளட்டும். முன்னதாக வந்த அந்த அரை மணிக்கும் சிப்பந்திக்குச் சம்பளம் எழுத வேண்டும். ஆய்வுக்கு வரும்போது அந்தச் செலவை நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.