குழந்தையின் பல்லும் தொலைபேசி டாக்டரும்

கொரோனா பரவிய 2020-ம் ஆண்டில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரிகளில் சாதாரண நோயாளிகளுக்கான பிரிவுகள் சுருங்கின. மற்ற டாக்டர்களைவிடப் பல் டாக்டர்களுக்கு அப்போது சங்கடம் அதிகம். பல்லைத் துளைக்கும் கருவி சுழலும்போது எச்சில் கலந்த நுண்துளிகள் காற்றில் பறக்கும். ஆகவே, அந்த ஆண்டு மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் டாக்டர்களுக்கு வழிமுறைகள் வெளியிட்டது. முதலில் போனில் விசாரிக்க வேண்டும். அவசரமானவர்களை மட்டும் நேரில் அழைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நெருக்கடி தீர்ந்தது. போனில் டாக்டரைக் கேட்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பார்க்க வகை செய்யும் மத்திய அரசின் "இ-சஞ்சீவனி" திட்டம் 2020 ஏப்ரலில் துவங்கியது. ஜூன் மாதத்தில் கேரளமும் அதில் இறங்கியது. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகள் முடிந்துவிட்டன. இதற்கு முன்பே, 2013-ல், கேரளத்தில் 1056 என்ற எண்ணில் "திசா" ஆலோசனைச் சேவை ஏற்பட்டிருந்தது.

குழந்தைக்குத் திடீரென்று வரும் பல் தொல்லைக்கு இந்த வசதி எவ்வளவு தூரம் உதவும்? திருவனந்தபுரத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு இது வெறும் வாதப் பொருள் அல்ல. சாலை பஜாரில் மூட்டை தூக்குபவர், தம்பானூர் ஓட்டலில் வேலை செய்பவர், கடையில் கணக்கு எழுதுபவர் ஆகியோருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் கழியும் ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி. பிள்ளையின் பல்வலி "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, அந்தக் கூலிதான். போனில் ஒரு டாக்டர், "இது காத்திருக்கும்" அல்லது "இது காத்திருக்காது" என்று சொல்லிவிட்டால், அதுவே பெரிய உதவி.

நிமிஷக் கணக்கு

பல் அவசரங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சிலவற்றுக்கு நிமிஷக் கணக்கு. சிலவற்றுக்கு மணிக் கணக்கு. சில மறுநாள் வரை பொறுக்கும்.

நிமிஷக் கணக்கில் முதலாவது, விளையாட்டில் விழுந்து வேரோடு கழன்று வந்துவிடும் நிலைப்பல். ஆறு, ஏழு வயதில்தான் முன்பக்க நிலைப்பற்கள் முளைக்கத் துவங்கும். அவற்றில் ஒன்று விழுந்தால் அதே குழியில் திரும்ப நட்டுவிடலாம். அரை மணிக்குள் நட்டால் நல்லது. ஒரு மணி நேரம் கடந்தால் அந்தப் பல் நிலைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். வேரின் மேலுள்ள மெல்லிய திசு காய்ந்து செத்துவிடுவதே இதற்குக் காரணம்.

எனவே, டாக்டரைப் போனில் பிடிப்பதற்கு முன்பே வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல்லை வேர்ப்பக்கம் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் பாலில் மெல்ல அலச வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு ஒரு தம்ளர் பாலில் போட்டு வைக்க வேண்டும். காகிதத்தில் பொதிவது, சட்டைப் பையில் போடுவது, தண்ணீரில் ஊறவைப்பது எல்லாம் தவறு. இளநீரையும் சில ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள்; ஆனால், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பாலே நம்பகமானது.

விழுந்தது பால்பல் என்றால் கதை வேறு. அதைத் திரும்ப நடக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் முளைக்கு அதனால் கேடு வரும். எந்தப் பல் என்று பெற்றோருக்குத் தெரியாமல் தவிக்கும் அந்த நேரத்தில்தான் வீடியோ டாக்டர் உதவுகிறார். பல்லையும் வாயையும் காட்டி, பிள்ளையின் வயதைச் சொன்னால் அவர் கூறிவிடுவார். அதுவரை பல் பாலில் கிடக்கட்டும்.

மணிக் கணக்கு

இரண்டாவது ரகம், சொத்தைப்பல்லிலிருந்து சீழ் பரவி முகம் வீங்குவது. வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே நேரில் காட்ட வேண்டும். தாடைக்கு அடியில் வீங்கியிருந்தால், கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறியிருந்தால், வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ முடியாவிட்டால், மூச்சு திணறினால் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான். 2019 முதல் கேரளத்தில் ஓடும் "கனிவு" ஆம்புலன்சுக்கு 108 என்ற எண் இருக்கிறது. விழுந்த குழந்தை மயங்கினாலும், அடுத்தடுத்து வாந்தி எடுத்தாலும் இதே விதிதான். அங்கே பல் இரண்டாம்பட்சம்; தலைக் காயமே முதல்.

வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் வலி மூன்றாவது ரகம். பாரசிட்டமால் கொடுத்து இரவைக் கழித்து, மறுநாள் காட்டலாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆகவே குழந்தையின் எடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் புண்ணாக்கும்.

மருந்துச் சீட்டு மயக்கம்

போன் டாக்டரால் ஆகாத காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அவரால் சீழை வெளியேற்ற முடியாது. பல்லை அடைக்கவோ பிடுங்கவோ முடியாது. "ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள் போதும்" என்று பலரும் கேட்கிறார்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு அழற்சியை அந்த மருந்து குணப்படுத்துவதில்லை. சீழ் கட்டியிருந்தாலும் வேர்க் காரணம் பல்லிலேயே தங்கிவிடும். வலி இரண்டு நாள் அடங்கும்; "சரியாகிவிட்டது" என்று நினைப்போம்; அடுத்த மாதம் முகம் வீங்கும். மருந்துச் சீட்டு கிடைத்ததோடு வைத்தியம் முடிந்ததாக எண்ணுவதே இந்த முறையிலுள்ள பெரிய அபாயம்.

இதைச் சட்டமும் உணர்ந்தே இருக்கிறது. தொலை மருத்துவம் பற்றி 2020 மார்ச் 25-ல் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகள், அவசர நிலையில் தொலை ஆலோசனை என்பது முதலுதவி, உயிர் காக்கும் யோசனை, எங்கே போவது என்ற வழிகாட்டுதல் ஆகியவற்றோடு நிற்க வேண்டும் என்கின்றன. சிறுவர் என்றால் கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் விதி.

இங்கேதான் நம் வீடுகளின் நிலை இடிக்கிறது. பல குடும்பங்களில் வீடியோ வசதியுள்ள போன் ஒன்றே ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. குழந்தை விழும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் அம்மா. அவர் கையில் போன் இல்லாதபோது திட்டம் இருந்தும் பயன் இல்லை.

பனியும் பழுப்பும்

மொழிச் சிக்கல் இன்னொன்று. மலையாளமும் தமிழும் அக்காள் தங்கை. அந்த நெருக்கமே சில நேரம் ஏமாற்றும். "பனி உண்டோ?" என்று டாக்டர் கேட்டால் அவர் கேட்பது குளிரை அல்ல, காய்ச்சலை. "நீர் உண்டோ?" என்றால் வீக்கம் உண்டா என்று பொருள். "பழுப்பு" என்றால் நிறம் அல்ல, சீழ். "மோண" என்றால் ஈறு. நேரில் என்றால் டாக்டர் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார். போனில் சொல்தான் எல்லாம். காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு "பனி இல்லை" என்று பதில் சொல்லிவிட்டால், அன்றே பார்க்க வேண்டிய பிள்ளை மறுநாளுக்குத் தள்ளப்பட்டுவிடும்.

பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்தப் பகுதி நோயாளிக்கும் தொலைவிலிருந்து யோசனை சொல்லலாம் என்று அதே நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ள பழகிய டாக்டரைத் தமிழிலேயே கேட்பதில் தவறில்லை. ஆனால், அவர் "உடனே காட்டுங்கள்" என்றால் ஊருக்குப் பஸ் ஏறக் கூடாது. 1959-ல் ஏற்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி இந்த நகரிலேயே, மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது.

அரசு செய்யக்கூடியது

பெரிய செலவில்லாத மூன்று காரியங்களை அரசு யோசிக்கலாம். ஒன்று, மாலை வேளைகளில், வேலை விட்டு வந்தவர் பேசக்கூடிய நேரத்தில், தொலை ஆலோசனையில் குழந்தைப் பல் டாக்டர் ஒருவர் இருப்பது. தமிழ் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு, போனில் பார்த்த டாக்டர் "நேரில் செல்க" என்று கொடுக்கும் சீட்டுக்குப் பல் ஆஸ்பத்திரியில் மதிப்புத் தருவது. போனில் காத்திருந்தவர் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்பதானால், கூலி மிச்சமாவது எப்படி? மூன்று, பல்லைப் பாலில் போடும் முதலுதவியை ஒவ்வொரு பள்ளி ஆசிரியருக்கும் சொல்லித் தருவது. பல் விழும் இடம் பெரும்பாலும் பள்ளி மைதானம் அல்லவா?

வெளி மாநிலத் தொழிலாளருக்காகக் கேரள அரசு 2017-ல் கொண்டுவந்த "ஆவாஸ்" காப்பீடு 18 வயது முதல் 60 வயது வரையிலான தொழிலாளியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அவர் பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை. உழைப்பவரை வரவேற்கும் ஊர், அவர் கைபிடித்து வந்த குழந்தையையும் சேர்த்து எண்ணத் துவங்கினால், தொலைபேசி டாக்டரால் உண்மையான பலன் விளையும்.