கதவைச் சாத்திக்கொண்டால் என்ன தப்பு?



போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி தன் மகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வீணையும் கம்ப்யூட்டருமாக நடுராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறாளாம். தானே மெட்டுப் போட்டு, தானே வாசித்து, தானே பதிவும் செய்கிறாளாம். ‘பாடினாலாவது நாலு பேர் கேப்பாங்க. வெறும் வாத்தியத்தை யார் கேக்கப் போறா? இதுல மைக் வாங்கக் காசு வேற கேக்கறா’ என்று புலம்பியிருந்தார்.

வாங்கிக் கொடுங்கள் சகோதரி!

பெண் பிள்ளை கதவைச் சாத்தினாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பையன் சாத்தினால் மட்டும் ‘படிக்கிறான், சத்தம் போடாதீங்க’ என்கிறோம். உங்கள் மகள் உள்ளே செய்வது நாலைந்து பேர் செய்ய வேண்டிய வேலை. நானும் வீணை வாசிப்பவள், வீட்டுப் பின்னறையில் மூன்று வருடமாகப் பதிவு செய்து வருபவள் என்பதால் சொல்கிறேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால்தான் எனக்கு நிசப்தம் கிடைக்கும். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும்; வியர்த்துக் கொட்டும். கூடத்து ஃபிரிட்ஜின் ரீங்காரம்கூட மைக்குக்குக் கேட்டுவிடும். எதிரொலி வராமல் இருக்க ஜமுக்காளமும் பஞ்சு மெத்தையும் சுவரோரம் நிறுத்துவேன். (முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்க்கத்தான் ஸ்டுடியோ மாதிரி இருக்கும்.) தம்புரா சுருதி ஹெட்போனில் என் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும், பதிவில் விழக்கூடாது. மைக்கைக் குடத்துக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் நகம் கம்பியில் படும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஒரு அடி தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் நாதம் வரும். இந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் ருசியே! முதலில் வாசித்ததைக் காதில் கேட்டுக்கொண்டே, அதன் மேல் இரண்டாவது வீணை வாசிப்பேன். என்னோடு நானே சேர்ந்து கச்சேரி செய்வது போல. பிறகு எந்த ஒலி முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் அடங்க வேண்டும் என்று கலக்க வேண்டும். ராத்திரி பிரமாதமாகத் தெரிந்தது, காலையில் கேட்டால் சகிக்காது! ஐந்து நிமிட இசைக்கு இரண்டு வாரம்கூட ஆகும். எங்க வீட்டுக்காரர், ‘குக்கர் விசிலையும் சேர்த்துக்கோ, தாளத்துக்கு ஆகும்’ என்று கிண்டல் செய்வார். செய்யட்டும்.

இது இன்று வந்த பைத்தியமும் இல்லை. இங்கிலாந்தில் டாஃப்னி ஓரம் என்று ஒரு பெண்மணி. 1958ல் பி.பி.சி. வானொலியின் மின்னணு ஒலிக்கூடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அடுத்த வருடமே அந்த வேலையை விட்டுவிட்டு, கென்ட் கிராமப்புறத்தில் ஒரு பழைய கட்டடத்தில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்துக்கொண்டார். சினிமா ஃபிலிம் சுருளில் கோடு வரைந்தால் அது ஒலியாக மாறும்படி ஒரு இயந்திரமே செய்தார். கோலம் போடுகிற நம் கைக்கு அதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை!

அவ்வளவு தூரம் ஏன்? ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறம் ஸ்டுடியோ கட்டியபோது கருவி வாங்கப் பணமில்லை. அவருடைய அம்மா கரீமா பேகம் தன் நகைகளைக் கொடுத்துத்தான் முதல் பதிவுக் கருவி வந்தது என்று மகனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘ரோஜா’ வெளிவந்தது 1992ல். மகனுக்காக அந்த அம்மா செய்ததை மகளுக்காக நாம் செய்ய யோசிக்கிறோமே, ஏன்? அதுவும் உங்கள் மகள் கேட்பது மைக்குக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டிக்கும்தான். ஒரு பவுன் விலையில் பாதிகூட ஆகாது. பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வெறும் வாத்தியத்தை யார் கேட்பார்கள் என்கிறீர்கள். நாதஸ்வரத்தில் வார்த்தையா இருக்கிறது? அது இல்லாமல் நம் வீட்டில் தாலி ஏறுகிறதா?

என் அத்தை அருமையாக வயலின் வாசிப்பார். அவர் வாசித்த ஒரு நிமிடம்கூட இன்று எங்களிடம் கிடையாது. என் கல்யாண வீடியோவில் அவர் வாசிக்கிற காட்சி மட்டும் இருக்கிறது. வில் போகிறது, விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது. ஒலி மட்டும் ஏதோ சினிமாப் பாட்டு! வீடியோக்காரர் மேலே ஒட்டிவிட்டார். அத்தை போய்ப் பத்து வருடம் ஆகிறது. யாராவது பதிவு செய்து தருவார்கள் என்று காத்திருந்த பெண்களின் கதி இதுதான். உங்கள் மகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் மகளிடம் சொல்லுங்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாகப் போட்ட மெட்டு அவள் ஆயுள் முழுக்க அவளுடையது. அதற்குப் பிறகும் 60 வருடம் அவள் வாரிசுகளுக்கு. தானே முன்னின்று செய்த ஒலிப்பதிவுக்கும், வெளியிட்டதிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. யாராவது ‘நாங்க வெளியிடறோம்’ என்று காகிதம் நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சினிமா மெட்டை வாசித்து வெளியிட்டால் இந்த உரிமை முழுசாக அவளுக்குக் கிடையாது.

அவள் பதிவு செய்கிற நேரத்தில் நீங்கள் மிக்ஸி போடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. தூக்கம் கெடுகிறதே என்ற உங்கள் கவலை நியாயம்தான். வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததைக் கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவைக்காமல், தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அதை உங்கள் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.